டிலக்ஷி சொன்ன ஓம்

கிறிஸ்தோபர் தன் காரை விற்கவேண்டி வந்ததற்கு ஒரு மான்தான் காரணம். திருகோணமலை நகரத்து மான்கள் யாருக்கும் பயந்தவை அல்ல. பஸ் ஸ்டாண்டிலும் நிற்கும், சந்தை வாசலிலும் நிற்கும், நினைத்த நேரத்தில் வீதிக்குக் குறுக்கே நடக்கும். ஒருநாள் பின்னேரப் பூசை முடிந்து வரும்போது அப்படி நடந்த ஒன்றை அவர் காணவே இல்லை. பக்கத்தில் இருந்த மனைவி சீலா போட்ட கூச்சலில்தான் பிரேக்கை மிதித்தார். மான் ஒன்றும் நடக்காததுபோலப் போய்விட்டது. கண் டொக்டர்தான் சும்மா விடவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரப்பார்வை போய்விட்டது, போனது போனதுதான், இனி ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஓய்வுபெற்றபோது கிடைத்த காசில் வாங்கிய சின்ன நீலக் கார் அது. ஞாயிறு பூசைக்கும், மாதத்தில் ஒருதரம் இலங்கைத்துறையில் இருக்கும் சீலாவின் தங்கச்சி வீட்டுக்கும் போய்வர வைத்திருந்தார். கிண்ணியாவில் புடவைக்கடை வைத்திருக்கும் றுவைஸ் என்பவர் வந்து பார்த்தார், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், விலை பேசினார், கொண்டுபோய்விட்டார். கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் மிஞ்சியது. கிறிஸ்தோபர் அதற்கு மேல் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

இன்னும் முடிக்கவேண்டியிருந்தது இன்சூரன்ஸ். ஒரு வருஷத்துக்கு முழுக்கக் கட்டியிருந்தார். அதில் பாதிகூட ஓடி முடியவில்லை. மீதி மாதங்களுக்கு உரிய காசைத் திருப்பி எடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்கத்தான் டிலக்ஷிக்குப் போன் எடுத்தார்.

டிலக்ஷி அந்த இன்சூரன்ஸ் கொம்பனியின் திருகோணமலைக் கிளையில் கவுண்டரில் இருக்கும் பிள்ளை. கப்பல்துறைக் கிராமத்தில் வீடு; கண்டி வீதியால் வரும் பஸ்ஸில் ஏறி வேலைக்கு வருவாள். சேர்ந்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது, இன்னும் நிரந்தரமாக்கவில்லை. கிறிஸ்தோபருக்கு இதெல்லாம் தெரியும். காசு கட்டிவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற ஆள் இல்லை அவர். கதிரையில் இருந்து, ஒரு கதை கேட்டு, பத்துக் கதை சொல்லிவிட்டுத்தான் எழும்புவார். அவளும் முகம் சுளிக்காமல் கேட்பாள். "அந்தப் பிள்ளை தங்கம்" என்று வீட்டுக்கு வந்து சீலாவிடம் சொல்வார். அப்படிச் சொன்ன வாயால்தான் பிறகு அவளுக்குக் கெடுதலும் செய்தார்.

கதை அவருக்குப் பழக்கமான தொழில். துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் றேடியோவுக்கு முன்னால் இருந்து, உள்ளே வரும் கப்பலோடும் வெளியே போகும் கப்பலோடும் கதைத்தே காலம் கழித்தவர். எந்தத் தேசத்துக் கப்டனாக இருந்தாலும் இவர் குரலைக் கேட்டுத்தான் துறைமுகத்துக்குள் திரும்பவேண்டும். பென்சன் வந்தபிறகு கதைக்கக் கப்பல் இல்லாமல் போனது அந்த மனிதருக்குப் பெரிய குறையாகிவிட்டது. அந்தக் குறையை ஊர்ச்சனம் தீர்த்துவைத்தது. விருப்பத்தோடுதானா என்று மட்டும் கேட்கக்கூடாது.

அன்றைக்கும் அப்படித்தான். "இந்த அழைப்பு பதிவு செய்யப்படும்" என்று ஒரு பெண்குரல் முதலில் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. டிலக்ஷியின் குரல் வந்ததும் மானில் தொடங்கினார். டொக்டரிடம் போனார். சீலாவின் முழங்கால் வருத்தத்தைச் சொன்னார். றுவைஸைப் புகழ்ந்தார். கடைசியில் ஒருமாதிரி இன்சூரன்ஸுக்கு வந்து சேர்ந்தார். போனை வைத்த கையோடு குசினிக்குப் போனார். சீலா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"மிச்ச மாசத்துக் காசு முழுக்க வருமாம். டிலக்ஷி ஓம் எண்டிட்டாள்."

"முழுக்கவோ?"

"முழுக்க எண்டால் முழுக்கத்தான்."

சீலாவுக்கு முகம் மலர்ந்தது. கார் போனபிறகு தங்கச்சியைப் போய்ப் பார்ப்பது எப்படி என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லையே தவிர, அந்தக் கவலை அவளுக்கு இருந்தது. இந்தக் காசை ஒரு பக்கத்தில் வைத்து, மாதாமாதம் ஓட்டோ பிடித்து இலங்கைத்துறைக்குப் போய்வரலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். மறுநாளே கிறிஸ்தோபர் கிளைக்குப் போய், இன்சூரன்ஸை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தார். டிலக்ஷி அன்றைக்கு லீவு. கவுண்டரில் வேறு யாரோ இருந்து வாங்கி வைத்தார்கள்.

காசு வந்தது. எதிர்பார்த்ததில் கால்வாசிகூட இல்லை.

பிழையாகப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். சிரித்த முகத்தோடுதான் கிளைக்குப் போனார். மனேஜர் சுகந்தன் எழும்பி வந்து, கொம்பியூட்டரைப் பார்த்து, தலையைச் சொறிந்தார்.

"அண்ணை, இடையில நிப்பாட்டினா மாசக் கணக்குக்குப் பிரிச்சுக் குடுக்கிறேல்லை. அதுக்கெண்டு தனி வீதம் இருக்கு. குறையத்தான் வரும். பொலிசியில போட்டிருக்கு."

"பொலிசியில போட்டதை விடுங்கோ தம்பி. முழுக்க வரும் எண்டு உங்கட பிள்ளையே சொன்னவ."

பக்கத்துக் கவுண்டரில் இருந்த டிலக்ஷி நிமிர்ந்தாள். "அங்கிள், நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள்."

"இல்லை அங்கிள். நான் அப்பிடி—"

"அப்ப நான் பொய் சொல்லுறனோ?"

காத்திருந்த சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அதில் கோயிலில் காணும் முகங்களும் இருந்தன. டிலக்ஷி குனிந்துகொண்டாள். காசு குறைந்ததை அவர் ஒரு கிழமையில் மறந்திருப்பார். நாலு பேருக்கு முன்னால் தன்னைப் பொய்யன் ஆக்கிவிட்டாள் என்ற எண்ணம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தார்.

"விடுங்கோ, அந்தப் பிள்ளை மறந்திருக்கும்" என்றாள் சீலா.

"மறந்தால் மறந்திட்டன் எண்டு சொல்லோணும். இல்லை எண்டு அடிச்சுச் சொல்லுது. என்ர வாழ்க்கையில நான் சொன்ன ஒரு சொல்லை ஆரும் இல்லை எண்டு சொன்னதில்லை, சீலா."

இது உண்மை. றேடியோவில் அவர் சொன்ன சொல்லைக் கப்பல்கள் மறுபேச்சில்லாமல் கேட்டு நடந்தன. ஒரு இன்சூரன்ஸ் கவுண்டர் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதினார். நல்ல இங்கிலிஷ். அந்த இங்கிலிஷில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. உங்கள் உத்தியோகத்தர் வாக்குக் கொடுத்தார், நம்பி நிறுத்தினேன், வாக்கைக் காப்பாற்றுங்கள் என்பது அதன் சாரம். யார் அந்த உத்தியோகத்தர் என்று அதில் எழுதவில்லை. அந்தளவுக்கு மனம் இருந்தது.

அவர்கள் போன் எடுத்துக் கேட்டார்கள். எந்த நாள் கதைத்தீர்கள், யாரோடு கதைத்தீர்கள், பேர் தெரிந்தால் பதிவைத் தேடிப் பார்க்கலாம்.

சீலா எதிரே இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கிறிஸ்தோபர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "என்ன?" என்றார்.

"பேரைச் சொல்லாதேங்கோ. கிளையில ஒராள் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"பேர் சொல்லாட்டி என்ர கதையை ஆர் நம்புவினம்?"

"நம்பாட்டிப் போகட்டும். அது வேலைக்குப் போற பிள்ளை."

அவர் கையை எடுத்தார். பேரைச் சொன்னார். மறுமுனையில் பிழையாக எழுதிக்கொள்ளக் கூடாதே என்று, றேடியோவில் எழுத்துச் சொல்லும் முறைப்படி டெல்ட்டா, இந்தியா, லீமா என்று தொடங்கி ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் திருப்பிச் சொல்லிக் காட்டினார்கள். சரி என்றார்.

பிறகு கொஞ்ச நாள் சத்தமில்லை. அந்த நாட்களில் கிறிஸ்தோபர் ஒரே கதையைப் பலருக்குச் சொன்னார். கோயில் வாசலில் சொன்னார், மீன் வாங்கும்போது சொன்னார், முடி வெட்டும்போது சொன்னார். சொல்லச் சொல்ல டிலக்ஷியின் ஓம் பெருத்துக்கொண்டே போனது. முதலில் "ஓம் எண்டவள்" என்று இருந்தது, "ஓம் அங்கிள், முழுக்க வரும் எண்டவள்" என்று ஆனது. பிறகு "பயப்பிடாதேங்கோ அங்கிள், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றுகூட அவள் சொன்னதாக ஆகிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது.

ஒருநாள் கொழும்பிலிருந்து பதில் வந்தது. பதிவைக் கேட்டோம், உங்கள் கேள்விக்கு எங்கள் உத்தியோகத்தர் 'யெஸ்' என்று பதில் சொல்லியிருப்பது உறுதியாகிறது, கொம்பனி தன் சொல்லில் நிற்கும், மீதிக் காசு உங்கள் கணக்கில் போடப்பட்டுள்ளது. கிறிஸ்தோபர் அதைச் சீலாவுக்கு இங்கிலிஷிலும் தமிழிலும் வாசித்துக் காட்டினார்.

"பாத்தியா? இப்ப ஆர் பொய்யன்?"

"நல்லது" என்றாள் சீலா. அன்றைக்கு அவர் பெரிய இறால் வாங்கிவந்தார். அவளும் நன்றாகத்தான் சமைத்தாள். இரண்டாம்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நன்றி சொல்லிவிட்டு வருகிறேன் என்று சீலாவிடம் சொல்லிக்கொண்டு கிளைக்குப் போனார். நன்றி சொல்லவா போனார்? தன்னை அன்றைக்குத் திரும்பிப் பார்த்த சனத்துக்கு முன்னால், அதே இடத்தில் நிமிர்ந்து நின்றுவிட்டு வரப் போனார். டிலக்ஷியிடம் பெருந்தன்மையாக நாலு சொல் சொல்லவும் நினைத்திருந்தார். பரவாயில்லைப் பிள்ளை, இனிக் கவனமா இருங்கோ, அப்படி ஏதாவது.

கவுண்டரில் வேறொரு பெண் இருந்தாள்.

"டிலக்ஷி இண்டைக்கும் லீவோ?" என்று கேட்டார்.

அந்தப் பெண் மனேஜரின் அறைப்பக்கம் பார்த்தாள். சுகந்தன் வெளியே வந்து, "உள்ள வாங்கோ அண்ணை" என்று கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"அவவை நிப்பாட்டியாச்சு."

"என்னத்துக்கு?"

"கொம்பனி பேரில பிழையான வாக்குக் குடுத்தவ. கேட்டதுக்கு, குடுக்கேல்லை எண்டு மறுத்தவ. ரெண்டு குற்றம் எண்டு எழுதியிருக்கினம். நிரந்தரமாக்கிறதுக்கு எல்லாம் சரியாகி, கையெழுத்துக்கு மட்டும்தான் நிண்டது. அதுக்குள்ள இது." சுகந்தன் மேசையிலிருந்த பேனாவை எடுத்துத் திரும்ப வைத்தார். "உங்களுக்கு வந்த மிச்சக் காசும் அவவின்ர கடைசிச் சம்பளத்தில வெட்டினதுதான்."

"நான் அப்பிடிச் செய்யச் சொல்லேல்லையே தம்பி. என்ர காசைத்தானே கேட்டனான்."

"ஓம் அண்ணை. பேரும் குடுத்தனீங்கள்."

அப்போதும் கிறிஸ்தோபருக்குத் தன் பக்கத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. "எண்டாலும், அவ ஓம் எண்டு சொன்னது உண்மைதானே?" என்றார்.

சுகந்தன் கொம்பியூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். "இதைப் போட்டுக் காட்டக்கூடாது. எண்டாலும் உங்கட குரல்தானே. கேளுங்கோ."

அறைக்குள் கிறிஸ்தோபரின் குரல் பெரிதாக எழுந்தது. தன் குரல் இவ்வளவு உரத்தது என்று அவருக்கு அதுவரை தெரியாது.

"அது வலப்பக்கத்தால வந்ததாம் பிள்ளை."

"ஓம்."

"எனக்குத் தெரியவே இல்லை."

"ஓம்."

"சீலா கத்தினபடியால் தப்பிச்சுது."

"ஓம் அங்கிள்."

"இனிக் கார் ஓட ஏலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"ஓம்..."

முழங்காலுக்கு ஓம். முழங்காலுக்குப் பூசும் எண்ணெய்க்கு ஓம். றுவைஸ் நல்ல மனுசன் என்றதற்கு ஓம். றுவைஸை அவள் கண்டதே இல்லை. கிறிஸ்தோபரின் குரல் மூச்சு வாங்காமல் போய்க்கொண்டிருந்தது. அவள் மெல்லிய குரலில் இடைக்கிடை ஓம் போட்டுக்கொண்டே வந்தாள்.

"அப்ப நான் இன்சூரன்ஸை நிப்பாட்டினா மிச்ச மாசத்துக் காசு முழுக்க வரும் என்ன, அதை வைச்சு நாங்கள் ஓட்டோவில இலங்கைத்துறைக்குப் போகலாம்."

"ஓம்... அங்கிள், ஒருக்கா—"

"சரி பிள்ளை, வைக்கிறன், நாளைக்கு வந்து எழுதித் தாறன்."

அதோடு பதிவு முடிந்தது.

இந்த ஊரில் போனில் கதைக்கிற எல்லாரும் சொல்லும் ஓம் அது. நான் இருக்கிறேன், கேட்கிறது, மேலே சொல்லுங்கள் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. அதைச் சொல்லாமல் இருந்தால் மறுபக்கத்தில், "என்ன, லைன் கட் ஆயிட்டுதோ?" என்பார்கள். கிறிஸ்தோபர்தான் முதலில் கேட்பார். சீலா வாயை மூடிக்கொண்டு கேட்டால்கூட, "நான் சுவரோடயோ கதைக்கிறன்?" என்று பாய்கிற மனிதர் அவர்.

மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம், அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. றேடியோவில் 'கேட்டது' என்பது ஒரு சொல், 'அப்படியே செய்கிறேன்' என்பது வேறு சொல். கேட்டது என்று சொன்ன கப்பலைச் சம்மதித்த கப்பலாக நினைத்தால் அது கல்லில் ஏறிவிடும். அறைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் இதைத் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அவ்வளவு கப்பலைக் கல்லில் ஏறாமல் கொண்டுவந்தவர், ஒரு பிள்ளையை ஏற்றிவிட்டார். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

"கொழும்பில இதை முழுக்க எழுதி எடுக்கேல்லை அண்ணை" என்றார் சுகந்தன். "உங்கட கேள்வி, அதுக்குக் கீழ 'யெஸ்'. அவ்வளவுதான் அவைக்கு."

"நீங்கள் சொல்லியிருக்கலாமே தம்பி, இது அந்த ஓம் இல்லை எண்டு."

"சொன்னனான். கஸ்டமரே ஓம் சொன்னவ எண்டு எழுத்தில தாறார், நீங்க என்னத்துக்கு மறுக்கிறீங்க எண்டு கேட்டினம்."

வீட்டுக்கு வந்து கொழும்புக்குப் போன் எடுத்தார். தமிழில் கதைக்க ஒரு பெண் வந்தாள். மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கத்துத் தமிழ், மரியாதையான குரல். கிறிஸ்தோபர் முதலில் இருந்து சொன்னார்.

"ஓம்னா ஆமாதானே சார்?" என்று அவள் கேட்டாள்.

"ஆமாதான். ஆனா இந்த ஓம் ஆமா இல்லை."

"புரியல சார்."

"நாங்கள் இஞ்ச கதை கேக்கேக்க ஓம் ஓம் எண்டு சொல்லுவம். சம்மதம் எண்டில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறம் எண்டு."

"இப்ப நீங்க பேசறப்போ நான் 'ம்' சொல்றேனே, அந்த மாதிரியா சார்?"

"அதுதான் பிள்ளை! அதேதான்!"

அவளுக்கு விளங்கிவிட்டது என்று அறிந்ததும் கிறிஸ்தோபருக்குக் கண் கலங்கியது. அவள் கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு வெளங்குது சார். ஆனா உங்க முறைப்பாடு உங்களுக்குச் சாதகமா முடிஞ்சிருச்சு. அதைத் திரும்பத் தொறக்கணும்னா உங்களுக்கு ஏதாவது நட்டம் வந்திருக்கணும். உங்களுக்கு இப்ப நட்டம் ஒண்ணும் இல்லையே சார்."

"காசைத் திருப்பித் தாறன். எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்கு வேலையைக் குடுங்கோ."

"அப்படி வாங்குறதுக்கு வழியில்ல சார்."

கிறிஸ்தோபர் போனைக் காதிலேயே வைத்திருந்தார். "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று அவள் கேட்டாள்.

முறைப்பாடு எழுதிய அதே நல்ல இங்கிலிஷில் இன்னொரு கடிதமும் எழுதிப் பார்த்தார். நான் சொன்னது பிழை, அவர் வாக்குக் கொடுக்கவில்லை, என் காதுதான் பிழை என்று எழுதினார். உங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. கிடைத்தது, அவ்வளவுதான்.

சீலா அவரைக் குறை சொல்லவில்லை. நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒருதரம் சொல்லியிருந்தால்கூட அவருக்குச் சண்டை பிடிக்க ஒரு இடம் கிடைத்திருக்கும். அவள் சொல்லவில்லை. வங்கியிலிருந்து காசை எடுத்துவந்து அவர் ஒரு என்வலப்பில் போட்டபோது, ஒட்டுவதற்குப் பசையை எடுத்துக் கொடுத்தாள்.

கப்பல்துறைக்கு பஸ்ஸில் போனார். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஏறி, ஓரத்தில் இருந்து, வழியெல்லாம் வசனம் பண்ணிக்கொண்டு போனார். காசை அந்தப் பிள்ளை வாங்காது. வேண்டாம் அங்கிள் என்று தள்ளும். அப்போது இப்படிச் சொல்லவேண்டும், அதற்கும் மறுத்தால் அப்படிச் சொல்லவேண்டும். இறங்கி விசாரித்துக்கொண்டு நடக்கும்போது ஓரத்தில் நின்ற ஒரு சைக்கிளைக் காணாமல் முழங்கையில் இடித்துக்கொண்டார்.

டிலக்ஷிதான் கதவைத் திறந்தாள். அவரைக் கண்டதும் ஒரு கணம் கதவைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு, "வாங்கோ அங்கிள், இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். உள்ளே யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

கிறிஸ்தோபர் தொடங்கினார். பதிவைக் கேட்டதைச் சொன்னார். கொழும்புக்குப் போன் எடுத்ததைச் சொன்னார். கடிதம் எழுதியதைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்குக் கதை தட்டுத்தடுமாறியது. ஏதோ ஒன்று குறைந்தது. என்ன குறைகிறது என்று கொஞ்சம் பிந்தித்தான் அவருக்கு விளங்கியது. அவள் அவரையே பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தாள். ஒரு 'ம்' கூட இல்லை. முன்பெல்லாம் கதையைத் தாங்கிக்கொண்டு நின்ற அந்தச் சின்னச் சத்தம் இல்லாமல் அவரால் அடுத்த வசனத்துக்குப் போக முடியவில்லை.

"கேக்குதோ பிள்ளை?"

"கேக்குது அங்கிள். சொல்லுங்கோ."

அவர் என்வலப்பை எடுத்து நீட்டினார். "இது உங்கட காசு."

"ஓம் அங்கிள், என்ர சம்பளம்தான்" என்று அவள் கைநீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் பண்ணிக்கொண்டு வந்த வசனம் ஒன்றுக்கும் வேலை இருக்கவில்லை.

"வேலை விசயமா நான் ஆரோடயாவது கதைச்சுப் பாக்கட்டே? எனக்குத் தெரிஞ்ச ஆக்கள்—"

"வேண்டாம் அங்கிள்." அவள் குரல் உயரவில்லை. "நீங்கள் கதைக்க வேண்டாம்."

கிறிஸ்தோபர் பிளேன்டீயைக் கையில் எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "என்னில கோவமோ பிள்ளை?" இப்படி யாரும் கேட்டால் இல்லை என்று சொல்வதுதான் ஊர்வழக்கம். அவள் கேள்வியைத் தனக்குள் ஒருதரம் திருப்பிப் பார்ப்பவள்போல் இருந்துவிட்டுச் சொன்னாள்.

"இருக்கு அங்கிள். வேலை போனதுக்கில்லை. அண்டைக்குக் கவுண்டரில நான் சொல்ல வந்ததை நீங்கள் சொல்லவிடேல்லை. போனிலயும் விடேல்லை."

"போனில 'ஒருக்கா' எண்டு தொடங்கினனீங்கள். நான் வைச்சிட்டன். என்ன சொல்ல வந்தனீங்கள்?"

"இனி அதைச் சொல்லி என்ன?"

"சொல்லுங்கோ பிள்ளை."

"நிப்பாட்டாதேங்கோ எண்டு சொல்ல வந்தனான்" என்றாள் டிலக்ஷி. "நிப்பாட்டினா காசு குறையத்தான் வரும். ஆனா காரை வாங்கினவரையும் கூட்டிக்கொண்டு வந்து ஒரு கையெழுத்து வைச்சா, மிச்ச மாசத்தை அப்பிடியே அவரின்ர பேருக்கு மாத்தலாம். அவர் எப்பிடியும் புதுசா இன்சூரன்ஸ் போடத்தானே வேணும். அந்த மிச்ச மாசத்துக்கு உரிய காசை அவரிட்டயே நீங்கள் வாங்கியிருக்கலாம். முழுக்க வந்திருக்கும். அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல், வர ஏலாமல் போச்சு. வந்து பாக்க நீங்கள் எழுதிக் குடுத்திட்டீங்கள்."

சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை, இப்போதும் இடையில் எழும்பிப் போய்விடுவாரோ என்று பார்ப்பவள் மாதிரி. அவர் எழும்பவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"ஓம்" என்றார் கிறிஸ்தோபர். அதற்குமேல் சொல்ல அவரிடம் கதை ஒன்றும் இருக்கவில்லை.